கடைசி நிரலில் ராமாயி எழுதியது

வட்டவிதானையார் குழாய்களின் மேல் உட்கார்ந்திருந்தார்.

இறைப்பு மெசின்களின் உறிஞ்சு குழாய்கள் அவை. மூன்று மெசினுக்கு மூன்று குழாய். கறுத்த றப்பர்க் குழாய்களைச் சுருட்டி ஆற்று மணலில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். விதானையார் அதன் மேல் ஒரு சாக்கை விரித்துக் காலை ஆறு மணிக்கே ஏறிக் குந்திவிட்டார்.

“நான் எழும்பினால்தானே தம்பி ஆரும் குழாயைத் தொடலாம்? நான் எழும்ப மாட்டன்” என்றார்.

அவர் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிற நாவலடிக் குளத்தின் விதானையார். குளத்துத் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு விடுவது அவர் பொறுப்பு. இக்கரையில் அவருடைய ஊரில் வயல் செய்கிற கமக்காரர் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அக்கரையில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய சனம், பெண்டு பிள்ளைகளோடு. நடுவில், முழங்கால் தண்ணீரில், அளவுகோலுக்குப் பக்கத்தில், ஆற்றின் அளவைப் பார்த்து எழுதுகிற ராமாயி. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கொப்பி நனையாமல் இருக்க அதைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்திருந்தார்.

நான் எந்தக் கரையில் நிற்பதென்று தெரியாமல் ஆற்று நீரை அளக்கிற எங்கள் அரசாங்கக் கந்தோரின் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

விஷயம் இதுதான். மெசின் ஒன்றுமே ஓடாத அந்தப் பகலில் ஆறு குறையாமல் இருந்தால், இவ்வளவு நாளும் தண்ணீரைக் களவாக எடுத்தது அக்கரைச் சனம்தான் என்றாகிவிடும். குறைந்தால், அவர்கள்தான் எடுத்தார்கள் என்று எழுதிக்கொடுத்த நான் பிழை என்றாகிவிடும். நான் பிழையாக இருக்க வேண்டும் என்று நானே நேர்த்தி வைக்காத குறையாக நின்ற நாள் என் உத்தியோகத்தில் அது ஒன்றுதான்.

அளந்து? எழுதி?

தண்ணீரூற்று என்ற ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. வாப்பா சைக்கிளில் புடைவைக் கட்டு வைத்து முள்ளியவளை, நெடுங்கேணி என்று வியாபாரத்துக்குப் போவார். போகுமுன் கிணற்றடியில் அவருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது என் வேலை.

“இந்தத் தண்ணி எங்கயிருந்து வாப்பா வருகுது?”

“கீழயிருந்து.”

“கீழ எங்கயிருந்து?”

“அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீ வாளியைத் தூக்கு.”

அவனுக்குத் தெரிந்ததில் ஒரு வாளியளவாவது எனக்கும் தெரிந்தால் என்ன என்று அன்றைக்குப் பிடித்த ஆசை, என்னைப் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு ஒரு குளிர்தேசத்துக்குப் பயிற்சிக்கும் கொண்டுபோய்க் கடைசியில் வவுனியாக் கந்தோரில் ஒரு ஆடுகிற கதிரையில் இருத்தியது.

எங்கள் தொழிலைச் சொல்வது சுலபம். ஒரு ஆற்றுக்கு எந்தெந்த நிலத்து மழை வந்து சேருமோ அந்த நிலம் முழுவதும் அதன் நீரேந்து பரப்பு. அங்கே விழுந்த மழையில் எவ்வளவு ஆற்றுக்கு வந்தது, எவ்வளவு மண்ணுக்குள் போனது, எவ்வளவு திரும்ப வானத்துக்குப் போனது? கூட்டல் கழித்தல்தான். ஆனால் ஒருநாளும் சரிவராத கூட்டல் கழித்தல். சரிவராத அந்த மிச்சத்தில்தான் எனக்கு ருசி.

இதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வாப்பாவிடம் கேட்டாராம்.

“மாப்பிள்ளை என்ன செய்யிறார்?”

“ஆத்துத் தண்ணியை அளக்கிறார்.”

“அளந்து?”

“எழுதுறார்.”

“எழுதி?”

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. வேறு இடத்தில் கலியாணம் ஆனபோது வாப்பா முன்னெச்சரிக்கையாக “அரசாங்க உத்தியோகம்” என்று மட்டும் சொல்லிவைத்தார்.

தராசு முள்

நெடுங்கேணிக்கு அப்பால், காட்டு விளிம்பில் ஓடுகிற ஆறு அது. வரைபடத்தில் பெயர் இல்லை. சனம் சின்னாறு என்று சொல்லும். மாரியில் குதித்துக்கொண்டு ஓடும். பங்குனி, சித்திரையில் மணலுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி ஊர்ந்து, நாவலடிக் குளத்துக்குள் போய் விழும். அதன் இரு கரையிலும் மைல் கணக்கில் மருத மரங்கள்.

அந்த ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சின்னச் சீமெந்துச் சுவர் கட்டி, பக்கத்தில் ஒரு கிணறு மாதிரிக் குழாய் இறக்கி, அதற்குள் ஒரு மிதவையை விட்டோம். மிதவை ஏறி இறங்க, மேலே சுற்றுகிற உருளைத் தாளில் ஒரு பேனை ஊதா மையால் கோடு கீறும். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை தாள் மாற்ற வேண்டும். குளிர்தேசத்தில் இந்தக் கருவி வருடக்கணக்காக ஓடும் என்று சொன்னார்கள். அங்கே எங்கள் ஊர் எறும்பு இல்லை. கருவி நின்றாலும் கணக்கு நிற்கக் கூடாது என்பதற்காகப் பக்கத்தில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு அளவுகோலையும் நட்டோம். அதைக் காலையும் மாலையும் ஆறு மணிக்கு ஒரு ஆள் பார்த்து எழுத வேண்டும்.

கிட்ட இருந்தது மலைநாட்டுச் சனத்தின் குடியிருப்பு. எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை விட்டு ஓடிவந்து, காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள். எழுத வாசிக்கத் தெரிந்த ஆள் யாரென்று கேட்டேன். ராமாயியைக் காட்டினார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. என் வயதுதான் இருக்கும். முப்பது முப்பத்திரண்டு.

வேலையைச் சொன்னேன். ராமாயி சம்பளம் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

“நான் எழுதுனத வேற யாராவது மாத்துவாங்களா?”

“இல்லை. நீங்கள் எழுதினதுதான் எழுத்து.”

“அப்ப சரிங்க.”

பிறகொரு நாள்தான் அந்தக் கேள்வியின் காரணம் தெரிந்தது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்களாம். ஏன் என்று கேட்டால் பதில் வராதாம். “முள்ளு ஒரு எடத்துல நிக்கும், கொப்பி வேறொரு எடத்துல நிக்கும்ங்க. நான் முள்ளப் பாத்துக்கிட்டேதான் நிப்பேன். அதுக்கே என்னையத் திமிரு புடிச்சவள்னு சொல்லுவாங்க” என்றார்.

அளவுகோலைக் கண்ணுக்கு நேர்மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்று நான் பாடம் எடுக்கப் போனேன். அதற்கு முன்னமே ராமாயி தண்ணீருக்குள் குந்திவிட்டார்.

கொப்பியில் ஐந்து நிரல். திகதி, காலை, மாலை, மழை, குறிப்பு.

“இந்தக் கடைசிக் கட்டம் எதுக்குங்க?”

“ஏதாவது விசேஷம் எண்டால் எழுதுங்கோ.”

“எது விசேசம்?”

எனக்கு வெயில். ஜீப்புக்குப் போகிற அவசரம். “உங்களுக்கு எது விசேஷமாப் படுகுதோ அது” என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதை அன்றைக்கே மறந்தும் போனேன்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ராமாயிக்கு வன்னித் தேத்தண்ணி பிடிக்காது. கந்தோரிலிருந்து போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியை ஒருமுறை கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “சாயத் தண்ணி” என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார். தேயிலையோடு பிறந்து வளர்ந்தவரிடம் நான் என்ன வாதாட?

கந்தோர் நேரத்துக் கள்ளன்

மழை நேரத்தோடு நின்றுபோன ஒரு வருடம். நாவலடிக் குளம் அரைக் குளம்தான் நிரம்பியிருந்தது. அதை நம்பிக் கமக்காரர் கோடைப் பயிரான சிறுபோக நெல் விதைத்துவிட்டார்கள். விதானையார் பஸ் ஏறி வவுனியாவுக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, மேலை இருக்கிற சனம் மூண்டு மெசின் பூட்டி மிளகாய்க்கு இறைக்குதுகள். கீழை எங்களுக்கு ஆறு வரேல்லை. உங்களிட்டைத்தானே அளவு இருக்கு. பாத்துச் சொல்லுங்கோ.”

தாள்களை எடுத்து விரித்தேன். பார்த்ததும் எனக்கு நெஞ்சு துள்ளியது. ஊதாக் கோடு வாள்பல் மாதிரி இருந்தது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு இறங்கத் தொடங்கி, பின்னேரம் வரை இறங்கி, இரவில் மெல்ல ஏறி, விடிய முதல் நாள் மட்டத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. கந்தோர் நேரம் பார்த்து வேலை செய்கிற கள்ளன்! ராமாயியின் கொப்பியிலிருந்து கந்தோர்த் தாளில் ஏற்றிய இலக்கங்களும் அதையே காட்டின. காலையில் கூடுதல், மாலையில் குறைவு.

ஒரே பின்னேரத்தில் அறிக்கை எழுதி முடித்தேன். ‘மேற்பகுதியில் மனிதர்கள் பகல் நேரத்தில் நீரெடுக்கிறார்கள்.’ அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது பெருமை. கருவி வைத்தேன், கள்ளனைப் பிடித்தேன்.

கூட்டம் கூடியது. சிறுபோகம் தப்பும் வரை மெசின் ஓடக் கூடாது, குழாய்களைக் கழற்றி விதானையாரின் நெல்லுக் கொட்டிலில் பூட்டி வைப்பது என்று முடிவானது. மிளகாய் பூக்கிற நேரம் அது. கூட்டம் கலைந்தபோது ராமாயியின் கணவர் பெருமாள் என்னிடம் வந்தார். மெசின்களில் ஒன்றை ஓட்டுகிறவர் அவர்தான்.

“எந்தக் கணக்க வச்சுங்க சொன்னீங்க?”

“கருவியும் இருக்கு. உங்கட ஊர்க் கொப்பியும் இருக்கு. ராமாயி எழுதினது. ஒரு பிழை இல்லாமல் எழுதியிருக்கிறா.”

நான் அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். பெருமாள் திரும்பி, பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார். அந்தக் குடியிருப்புச் சனம் முழுவதும் பார்த்தது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

வாசிக்காத நிரல்

அடுத்த திங்கட்கிழமைத் தாளிலும் வாள்பல் இருந்தது. அதற்கடுத்த திங்களும் இருந்தது. பூட்டினது பூட்டியபடி இருக்க, ஆறு மட்டும் முன்போலவே பகலில் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கேயோ இன்னொரு குழாய் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கோபத்தோடு ஜீப்பில் ஏறினேன்.

குடியிருப்பில் சனம் வரிசையாக வாளியும் தகரமுமாக ஆற்றிலிருந்து மிளகாய்த் தோட்டங்களுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தது. ஒருவர் கை மாற்றி ஒருவர் கொடுத்து, ஒரு தோட்டம் முடிய மறு தோட்டம் என்று கைத்தண்ணி. ராமாயி அந்த வரிசையில் இல்லை. அளவுகோலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ராமாயி, ஆரிட்டை இன்னொரு குழாய் இருக்கு?”

“கொழா எல்லாம் விதானையார் வூட்டுல கெடக்குங்க.”

“அப்ப தண்ணி எப்பிடிக் குறையுது?”

ராமாயி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அதத்தானே நானும் எழுதிக்கிட்டு வாறேன். நீங்க கொப்பிய வாசிக்கிறதில்லீங்களா?”

“வாசிக்கிறன். ஒவ்வொரு இலக்கமும் வாசிக்கிறன்.”

“இலக்கம் சரிங்க. கடைசிக் கட்டம்?”

எங்கள் கந்தோரில் ஒரு நடைமுறை இருந்தது. மாதம் முடிய எழுதுவினைஞர் கொப்பியிலுள்ள இலக்கங்களை ஒரு பெரிய தாளில் ஏற்றுவார். பெரிய தாளில் குறிப்பு என்ற நிரல் கிடையாது. கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். பெரிய தாள் என்னிடம் வரும். மூன்று வருடமாக நான் ஒரு கொப்பியைக்கூடத் திறக்கவில்லை.

ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்து அந்த வருடக் கொப்பியை வாங்கி வாசித்தேன். பிறகு வந்த யுத்த காலத்தில் அலுமாரியும் கொப்பிகளும் நாங்களும் திசைக்கொன்றாகப் போய்விட்டோம். ஆனாலும் அந்த வரிகள் எனக்கு மறக்கவில்லை.

‘மெசின் ஓடுச்சு. காலைல மூனு மணித்தியாலம்.’

‘இன்னைக்கி மூட்டம். மெசின் ஓடுச்சு. தண்ணி கொஞ்சந்தான் எறங்குச்சு.’

‘காமன் முடிஞ்சு எல்லாம் தூக்கம். மெசின் ஓடல. தண்ணி எறங்குச்சு. ஏன்?’

காமன் கூத்து மலைநாட்டுச் சனத்துக்குப் பெரிய பண்டிகை. மாசியில் காமனையும் ரதியையும் வேடம் கட்டி ஆடுவார்கள். விடிய விடிய ஆடிவிட்டு மறுநாள் ஊரே படுத்துக் கிடக்கும். வன்னிக் காட்டுக்கு வரும்போது அவர்கள் கொண்டுவந்த சில பொருட்களில் அந்தக் கூத்தும் ஒன்று. அது நடந்தது என் அறிக்கைக்கு முன்னால். நான் அந்த ‘ஏன்’ என்ற ஒரு சொல்லை வாசித்திருந்தால் கூட்டமே நடந்திராது. என் அறிக்கை முழுவதிலும் ஒரு கேள்விக்குறி இருக்கவில்லை.

கூட்டத்துக்குப் பிறகு வந்த வரிகள் இவை.

‘கொழாய எடுத்துட்டுப் போய்ட்டாங்க. தண்ணி எறங்குச்சு. ஏன்?’

‘வூட்டுல பேச்சு இல்ல. தண்ணி எறங்குச்சு.’

‘எங்க தோட்டத்துக்குக் கைத்தண்ணிக்கு யாரும் வரல. தண்ணி எறங்குச்சு.’

‘மிளகா காஞ்சிருச்சு. தண்ணி எறங்குச்சு.’

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க முகத்தைத் துடைத்தேன். ராமாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தன் சனத்துக்கு எதிராகப் போகிற இலக்கம் என்று தெரிந்த பிறகும், காலையும் மாலையும் இறங்கிப்போய் அதே இலக்கத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாளாவது மாலை அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தால் வீட்டில் பேச்சு இருந்திருக்கும்.

வெட்கம் ஒரு பக்கம் இருக்க, மூளை இன்னொரு பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. அதுதான் என் பிறவிக்குணம். மூட்டம் போட்ட நாளில் மெசின் ஓடியும் ஆறு கொஞ்சம்தான் இறங்கியது. வெயிலெறித்த நாளில் மெசின் ஓடாமலே நன்றாக இறங்கியது. அப்படியென்றால் இது வெயிலோடு வந்து வெயிலோடு போகிற ஒன்று. ஆற்றுத் தண்ணீர் ஆவியாகிறதா? சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு முழ அகலத்தில் நிழலுக்குள் ஓடுகிற ஆறு. அதிலிருந்து அவ்வளவு ஆவியாகவே முடியாது.

அலுத்துப்போய் மரத்தில் தலையைச் சாய்த்து மேலே பார்த்தேன்.

உச்சி வெயில். சுற்றிவரப் பற்றையெல்லாம் சுருண்டு கிடந்தது. மருது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அந்தக் கரையிலும் மருது. இந்தக் கரையிலும் மருது. குளிர்தேசத்தில் ஒரு விரிவுரையாளர், ஆற்றோர மரங்கள் பகலில் ஆற்று மட்டத்தையே இழுத்துவிடும் என்று ஒரே ஒரு வசனம் சொன்னது ஞாபகம் வந்தது. நான் அதைக் கொப்பியின் ஓரத்தில் எழுதிவைத்து, பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

“ராமாயி, மரம் குடிக்குது.”

அவர் அண்ணாந்து பார்த்தார். பார்வை கரையோரமாக வெகுதூரம் போய்த் திரும்பியது.

“இத்தன மரமுமா?”

“இத்தனை மரமும்.”

“ராத்திரிக்குக் குடிக்காதா?”

“வெயில் பட்டால்தான் இலை வேர்க்கும். இலை வேர்த்தால்தான் அடியில வேர் தண்ணியை இழுக்கும்.”

“எங்க மாதிரிதான். வெயில்ல நின்னாத்தானே தாகம்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஐயா, இத என்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல. விதானையார்கிட்ட சொல்லணும். சொன்னாலும் பத்தாது. அவரு பாக்கணும். முள்ளப் பாக்காம யாரும் எதையும் நம்பக் கூடாதுங்க” என்றார்.

விதானையார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். “போன மாசம் ஆள் எண்டியள். இந்த மாசம் மரம் எண்டுறியள். வாற மாசம் ஆர் தம்பி, குரங்கோ?” ஆனால் நியாயம் தெரிந்த மனுசன். “சரி, குழாயளைக் கொண்டுவாறன். எல்லாரும் இருந்து பாப்பம்” என்றார்.

ஒரு விரல்கடை

அப்படித்தான் அன்றைக்கு அவர் குழாய்களின் மேல் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு ராமாயி குந்திப் பார்த்து, “இருவத்தேழு!” என்று சத்தம் போட்டார். விதானையாரின் ஆள் ஒருவர் இறங்கிப்போய்ப் பார்த்து, “ஓம், இருபத்தேழு” என்றார்.

ஏழு மணிக்கு இருபத்தேழு. எட்டு மணிக்கு இருபத்தேழு. ஒன்பது மணிக்கும் இருபத்தேழு. இக்கரையில் சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். “மரத்துக்கு இன்னும் நித்திரை முறியேல்லைப் போல” என்று ஒரு குரல். அக்கரையில் பெருமாள் குனிந்து மணலில் குச்சியால் கோடு கீறிக்கொண்டிருந்தார்.

பத்து மணி கழிந்து ராமாயி குந்தினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தார். இலக்கம் சொல்லாமல் எழும்பி, விதானையாரின் ஆளைக் கூப்பிட்டார்.

“நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “இருபத்தாறரை” என்றார். சத்தம் வெளியே வரவில்லை. இன்னொருமுறை சொன்னார்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. மத்தியானத்தில் இருபத்தாறு. அக்கரைப் பெண்கள் பெரிய சட்டியில் பிளேன்டீ வைத்து ஆற்றைக் கடந்து வந்து இக்கரைக்கும் ஊற்றினார்கள். அது சாயத் தண்ணி இல்லை, உண்மையான தேத்தண்ணி. விதானையாருக்கு இருந்த இடத்துக்கே போனது. அன்றைக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் எழும்பினார். அப்போதும் மருமகனை அந்தச் சாக்கில் இருத்திவிட்டுத்தான் பற்றைப் பக்கம் போனார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அளவு இருபத்தைந்து. விடியற்காலையில் ஈரமாக இருந்த சீமெந்தில் ஒரு விரல்கடை காய்ந்து வெளுத்திருந்தது. விதானையார் மருமகனைத் திரும்பவும் குழாயில் இருத்திவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். அந்த வெளுத்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பேனை கீறிய ஊதாக் கோட்டையும் வந்து பார்த்தார்.

“அப்ப தம்பி, மரங்களை வெட்டினால் எங்களுக்குத் தண்ணி கூடுமோ?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

“கூடும். கொஞ்சக் காலத்துக்கு. அதுக்குப் பிறகு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றார் விதானையார். “மருது நிண்டால்தான் கரை நிக்கும். கரை போனால் மாரி வெள்ளம் மணலைக் கொண்டுவந்து குளத்துக்குள்ளை கொட்டும். விடுங்கோ, அதுகும் குடிக்கட்டும்.” பிறகு அக்கரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “குழாயளைக் கொண்டுபோங்கோ. அளவா இறையுங்கோ. எங்களுக்கும் மிச்சம் வேணும்.” மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் தானே ஒரு குழாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தார்.

பெருமாள் ஓடிவந்து அதை வாங்கினார். சனம் மற்றக் குழாய்களைத் தூக்கப் பாய்ந்தது. நான் ஜீப்பை நோக்கி நடந்தேன்.

“ஐயா, நில்லுங்க.”

ராமாயி கொப்பியோடு வந்தார்.

“நீங்க அன்னைக்கி எழுதுனது எங்க இருக்கு?”

“வவுனியாவில. கொழும்புக்கும் போயிட்டுது.”

“மாத்தி எழுதுவீங்களா?”

“நாளைக்கே எழுதுவன்.”

“அது கொழும்புக்குப் போகும். எங்களுக்கு வராதுங்க. இதுல எழுதுங்க.”

கூட்டம் நடந்த திகதியை விரலால் தொட்டுக் காட்டினார். காலை அளவு இருந்தது. மாலை அளவு இருந்தது. கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. அன்றைக்கு அவருக்கு எழுத எதுவும் வரவில்லைப் போலும்.

ஜீப்பின் மூடியில் கொப்பியை வைத்து, இடம் போதாமல் சின்ன எழுத்தில் எழுதினேன். ‘ஆற்றைப் பகலில் குறைத்தது மருத மரங்கள். குடியிருப்புச் சனம் அல்ல. ராமாயியின் அளவுகள் சரி. என் அறிக்கை பிழை.’ கீழே கையெழுத்து வைத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ அறிக்கை எழுதிவிட்டேன். என் அறிக்கை பிழை என்று எழுதியது அந்த ஒன்றில்தான்.

ராமாயி அதை முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு ஆற்றுக்குள் இறங்கி நடுவில் நின்று, இரண்டு கரைக்கும் கேட்க, எழுத்தெழுத்தாக உரக்க வாசித்தார். தோளில் குழாயோடு நின்ற பெருமாள் அதை மெல்ல மணலில் இறக்கி வைத்தார். தண்ணீர் ஓரம் வரை நடந்து வந்தார்.

“மணி ஆறாச்சு” என்றார் மனைவியிடம். “அளவு எழுதலியா?”

கூட்டம் நடந்த நாளுக்குப் பிறகு அவர் ராமாயியோடு பேசிய முதல் பேச்சு அது.

ராமாயி சேலைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு, தண்ணீரில் குந்தி, கண்ணை அளவுகோலுக்கு நேராகக் கொண்டுபோனார். எழும்பி வந்து மாலைக் கட்டத்தில் இருபத்தைந்து என்று எழுதினார். பிறகு கடைசிக் கட்டத்துக்கு வந்தார். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்று, அவர் எழுத எழுத வாசித்தேன்.

‘மெசின் ஓடல. தண்ணி எறங்குச்சு. எல்லாரும் பாத்தாங்க.’